சக்கரம் வைத்த வீடு... உள்ளே ஒரே ஒரு ஆள்! - தென் பிரான்ஸின் கிராமச் சாலைகளில்

செப்டம்பர் மாதத்து மாலை. தென் பிரான்ஸில் லார்ஸாக் என்ற பீடபூமி. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை காய்ந்த புல்லும் சுண்ணாம்புப் பாறையும்தான். எங்கோ செம்மறியாடுகளின் கழுத்து மணி கேட்கிறது. ஆறு மீட்டர் நீளமுள்ள வெள்ளை வண்டி ஒன்று தார்ச்சாலையை விட்டு இறங்கி, ஒரு பண்ணை வீட்டு முற்றத்தில் மெதுவாக வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. இறங்குவது ஒரே ஒரு ஆள். பண்ணைக்காரர் வெளியே வந்து "போன்ஸ்வார்" என்கிறார். வந்தவரும் அதையே திருப்பிச் சொல்கிறார். கை நீட்டி ஒரு மரத்தடியைக் காட்டுகிறார் பண்ணைக்காரர். அன்றிரவுக்கு இடம் கிடைத்துவிட்டது. வாடகை? ஒரு சென்ட் கூட இல்லை!

தென் பிரான்ஸின் கிராமங்களில் இது அன்றாடம் நடக்கிற காட்சி. படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கிற மோட்டார்ஹோமை பிரெஞ்சுக்காரர்கள் 'கேம்பிங்-கார்' என்கிறார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள்தான் இதில் சுற்றுவார்கள். ஆனால், பக்கத்து இருக்கையில் வரைபடத்தையும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு தனியாகக் கிளம்புகிறவர்களும் உண்டு. துணையை இழந்தவர்கள், வேலையில் நீண்ட விடுப்பு எடுத்தவர்கள், யாரிடமும் விளக்கம் சொல்லாமல் ஒரு மாதம் இருக்க ஆசைப்பட்டவர்கள்... காரணம் பலவிதம். இதில் பெண்களும் இருக்கிறார்கள்.

தனியாக என்றதும் வீட்டில் கேட்கிற முதல் கேள்வி எல்லா நாட்டிலும் ஒன்றுதான். "ராத்திரி எங்கே தங்குவே?"

ராத்திரி எங்கே?

இந்தக் கேள்விக்கு பிரான்ஸ் மாதிரி வசதியாக பதில் சொல்கிற நாடுகள் குறைவு. அங்கே சின்னச் சின்னக் கிராமங்கள்கூட மோட்டார்ஹோம்களுக்கென்று ஓர் இடம் ஒதுக்கி வைத்திருக்கின்றன. பெயர் 'ஏர்'. பெரும்பாலும் விளையாட்டுத் திடலின் ஓரத்திலோ, பழைய ரயில் நிலையத்தின் பின்புறத்திலோ இருக்கும். நல்ல தண்ணீர் பிடிக்க ஒரு குழாய், பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்ட ஒரு சாக்கடைத் தட்டு, கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்ய ஒரு தொட்டி. சில ஊர்களில் இலவசம், சில ஊர்களில் சில யூரோ. குழாய்க்கு டோக்கன் போட வேண்டுமென்றால் அதை ஊர் ரொட்டிக் கடையிலோ, புகையிலைக் கடையிலோ வாங்க வேண்டியிருக்கும். ஊருக்கு இதனால் என்ன லாபம்? டோக்கன் வாங்க வந்தவர் ரொட்டி வாங்காமல் போகமாட்டார், அவ்வளவுதான் கணக்கு. இளைஞர்கள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்ட மலைக்கிராமத்தில், தினமும் நாலு பேர் கூடுதலாக ரொட்டி வாங்குவது சின்ன விஷயம் இல்லை.

அந்தப் பண்ணை முற்றம் வேறொரு ஏற்பாடு. 'பிரான்ஸ் பாஸியோன்' என்று ஒரு அமைப்பு. வருடச் சந்தா கட்டினால் வண்டிக் கண்ணாடியில் ஒட்ட ஸ்டிக்கரும், பண்ணைகளின் விவரமடங்கிய கையேடும் கிடைக்கும். நாடு முழுக்க திராட்சைத் தோட்டக்காரர்கள், சீஸ் செய்கிறவர்கள், தேனீ வளர்ப்பவர்கள், ஆலிவ் எண்ணெய் ஆட்டுகிறவர்கள் என்று 2,000-க்கும் அதிகமான பேர் இதில் சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இடத்தில் 24 மணி நேரம் இலவசமாக நிற்கலாம். வண்டியிலேயே கழிப்பறை இருக்க வேண்டும், வந்ததும் வீட்டுக்காரரைப் பார்த்து வணக்கம் சொல்ல வேண்டும், கிளம்பும்போது சொல்லிக்கொண்டு போக வேண்டும். எதையும் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆனாலும் கையில் ஒரு தேன் பாட்டிலோ சீஸ் துண்டோ இல்லாமல் கிளம்புகிறவர்கள் குறைவு. உபசாரத்துக்கு அப்படி ஒரு பலம்!

தெருவோரத்தில் நிறுத்தித் தூங்கலாமா? இங்கேதான் பலரும் குழம்புவார்கள். கார் நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் மோட்டார்ஹோமும் நிற்கலாம். ஆனால் நிற்பது வேறு, முகாம் போடுவது வேறு. பக்கவாட்டுப் பந்தலை இழுத்துவிட்டு, நாற்காலி மேசையை வெளியே போட்டால் அது முகாம். அதற்கு அனுமதி பெற்ற இடம் வேண்டும். பல ஊராட்சிகள் இரவில் நிறுத்தவே கூடாது என்று பலகையும் வைத்திருக்கின்றன. பலகையைப் பார்த்தால் அடுத்த ஊருக்குப் போய்விடுவதுதான் மரியாதை.

கண்ணாடிதான் க்ளீனர்

நம்மூர் பஸ், லாரிகளில் "வரலாம் வரலாம்... ஹோல்டேன்" என்று பின்னால் நின்று தட்டுகிற ஆளின் அருமை, தனியாக மோட்டார்ஹோம் ஓட்டுகிறவருக்குத்தான் தெரியும். பின்னால் எடுக்கும்போது பார்த்துச் சொல்ல ஆள் கிடையாது. பக்கக் கண்ணாடியும், இருந்தால் ஒரு பின்பக்கக் கேமராவும்தான் துணை. அதனால் அனுபவசாலிகள் செய்கிற ஒரு காரியம், சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்தி இறங்கி, சுற்றிலும் நடந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறுவது. பின்னால் ஹாரன் அடித்தாலும் சரி.

கிராமத்துச் சாலைகளுக்கு 'டி' என்ற எழுத்தில் தொடங்கும் எண்கள் உண்டு. அழகெல்லாம் அந்தச் சாலைகளில்தான், ஆபத்தும் அங்கேதான். தார்ன் நதி குடைந்த பள்ளத்தாக்கில் ஓடும் டி 907 பிஸ் சாலையை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் கீழே பச்சை நிறத்தில் நதி, இன்னொரு பக்கம் சாலையின் மேலேயே கவிந்து நிற்கும் பாறை. நடுவில் மலையைக் குடைந்த சின்னச் சுரங்கங்கள். எதிரே ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். வண்டியின் உயரத்தையும் அகலத்தையும் ஒரு தாளில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டிவைக்கிற பழக்கம் இதனால்தான் வந்தது. அவசரத்தில் யாருக்கும் உயரம் ஞாபகம் வராது. செல்போன் வழிகாட்டியோ தான் காருக்கு வழி சொல்வதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். கைப்பிடி அகலமுள்ள கோட்டை வாசலுக்கு நேராகக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, "நேராகச் செல்லவும்" என்று சொல்லும்!

இன்னொரு விஷயம் வெளிநாட்டுக்காரர்களைத் திணறவைக்கும். பலகையோ கோடோ இல்லாத சந்திப்புகளில் வலப்பக்கச் சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. தூங்கி வழிகிற கிராமத்தில் ஒரு குட்டிச் சந்திலிருந்து, ஒரு தாத்தா இருபுறமும் பார்க்காமல் தன் காரை வெளியே எடுப்பார். தவறு அவர்மேல் இல்லை. சட்டப்படி அவர்தான் ராஜா.

ஆடுகள் ஜெயித்த ஊர்

தெற்கே போகிற ஏ 75 நெடுஞ்சாலையில் பெரும்பகுதிக்குச் சுங்கம் இல்லை. ஒரே ஓர் இடத்தில் மட்டும் காசு கேட்பார்கள். அதற்குக் காரணம் மியோ பாலம். 2004 டிசம்பரில் திறக்கப்பட்டது. நீளம் 2,460 மீட்டர். தூணும் அதன்மேல் நிற்கும் கம்பமும் சேர்ந்து உச்ச உயரம் 343 மீட்டர், ஈஃபிள் கோபுரத்தின் உயரத்தையே தாண்டிவிடும். பொறியாளர் மிஷேல் விர்லோழோவும் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டரும் சேர்ந்து உருவாக்கியது. மேலே போனால் இரண்டு நிமிடத்தில் பாலம் முடிந்துவிடும். கீழே மியோ நகரத்துக்கு இறங்கி, தார்ன் நதிக்கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் அதன் பிரமாண்டம் புரியும். சுங்கமும் மிச்சம்.

பாலம் தெற்கே போய்ச் சேருகிற இடம்தான் லார்ஸாக். இந்த வெறும் புல்வெளிக்கு ஒரு பெரிய கதை உண்டு, அதில் காந்தியும் வருகிறார்.

1971-ல் பிரெஞ்சு அரசு இங்கிருந்த ராணுவ முகாமைச் சுமார் 3,000 ஹெக்டேரிலிருந்து 17,000 ஹெக்டேராக விரிவாக்கப்போவதாக அறிவித்தது. போகப்போவது ஆடு மேய்க்கிறவர்களின் நிலம். பெரும்பாலும் அமைதியான, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற விவசாயிகள் அவர்கள். போராட்டம் என்றால் என்னவென்று தெரியாது. அப்போது அங்கே வந்தவர் லான்ஸா டெல் வாஸ்தோ. இத்தாலியில் பிறந்தவர். 1930-களில் இந்தியாவுக்கு வந்து வார்தாவில் காந்தியுடன் தங்கியவர். 'சாந்திதாஸ்' என்று பெயர் பெற்று, திரும்பிப் போய் பிரான்ஸில் ஆசிரம வாழ்க்கை நடத்தியவர். 1972-ல் லா கவாலரி கிராமத்தில் அவர் 15 நாள் உண்ணாவிரதம் இருந்தார். விவசாயிகள் முறைவைத்து அவரோடு உட்கார்ந்தார்கள். அது முடிந்த கையோடு 103 விவசாயிகள் "எங்கள் நிலத்தை விற்கமாட்டோம்" என்று உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் சினிமா. அதே ஆண்டு அக்டோபரில் செம்மறியாடுகளைப் பாரீஸுக்குக் கொண்டுபோய் ஈஃபிள் கோபுரத்துக்குக் கீழே மேயவிட்டார்கள். டிராக்டரில் தலைநகரை நோக்கிக் கிளம்பினார்கள். வழியில் ஓர்லேயான் நகரத்தில் தடுத்ததும், இறங்கி நடந்தே போனார்கள். அரசு அனுமதி தராத இடத்தில் ஊர் ஊராக வந்த தன்னார்வலர்கள் கல் சுமந்து ஒரு பெரிய ஆட்டுக்கொட்டகை கட்டினார்கள். பத்து வருடம் விடவில்லை. 1981-ல் மித்தரான் அதிபரானதும் விரிவாக்கத் திட்டத்தைக் கைவிட்டார்.

இன்று அதே மேய்ச்சல் நிலத்தின் ஓரத்தில்தான் மோட்டார்ஹோம்கள் இரவு தங்குகின்றன. அங்கே மேய்கிற லகோன் இனச் செம்மறியாட்டின் பால்தான், பக்கத்தில் இருக்கிற ரோக்ஃபோர் கிராமத்துக் குகைகளில் நீலப்பூஞ்சை படர்ந்த சீஸாக மாறுகிறது. மலை சரிந்து உண்டான குகைகள் அவை. பாறை வெடிப்புகள் வழியே எந்நேரமும் குளிர்ந்த, ஈரமான காற்று வந்துகொண்டே இருக்கும். குகைக்குள் போய்ப் பார்க்க அனுமதி உண்டு, உள்ளே ஒரு ஸ்வெட்டர் அவசியம். முதல் துண்டு வாயில் வைத்ததும் முகம் சுளிக்கும். மூன்றாவது துண்டுக்குக் கை தானாகப் போகும். சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பாரம்பரிய சீஸ்கள் பலவற்றில் பாலை உறையவைப்பது கன்று, ஆட்டுக்குட்டிகளின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால். கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகளின் ஊரான லா குவெர்த்துவாராடும் இந்தப் பீடபூமியில்தான் இருக்கிறது. முழு ஊரும் கோட்டை மதிலுக்குள். பகல் முழுக்கப் பயணிகள் கூட்டம். மாலை ஆறு மணிக்குப் பேருந்துகள் போய்விடும். அப்புறம் அங்கே இருக்கிற நிசப்தத்தைக் கேட்பதற்காகவே பக்கத்தில் எங்காவது வண்டியைப் போட்டுத் தங்கலாம்.

பயம் எங்கே இருக்க வேண்டும்?

நிசப்தம் என்றதும் பயமும் வந்துவிடும். முதல் இரண்டு மூன்று இரவுகள் தனிப்பயணிகள் பலருக்கும் சரியாகத் தூக்கம் வராது. குளிர்ந்த தகரம் சுருங்கும் சத்தம், கூரையில் மரத்திலிருந்து விழுகிற கொட்டை, தூரத்து நாய் எல்லாம் திருடனாகத் தெரியும். சில ஊர்களில் சர்ச் மணி இரவிலும் அடிக்கும், அதுவும் கேட்காதவர்களுக்காக ஒரு நிமிடம் கழித்து மறுபடி ஒரு முறை!

இந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றுவதற்கென்றே ஒரு வதந்தி பல வருடமாகச் சுற்றுகிறது. திருடர்கள் காற்றுத் துவாரம் வழியாக மயக்க வாயுவைச் செலுத்திவிட்டு, தூங்குகிறவர்களின் பொருட்களை அள்ளிப்போகிறார்களாம். பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி, இது நடைமுறையில் சாத்தியமில்லை என்று தெளிவாகவே சொல்லிவிட்டது. அறுவை சிகிச்சை அரங்கில் பக்கத்திலேயே நின்று கவனமாகக் கொடுக்க வேண்டிய மருந்தை, ஒரு வண்டி முழுக்க யாரும் விழிக்காமல் நிரப்புவது நடக்கிற காரியமா?

உண்மையான திருட்டு வேறு மாதிரி. நெடுஞ்சாலையோர ஓய்விடங்களில் இரவு தூங்கக் கூடாது என்பது அங்கே எல்லோரும் சொல்கிற எச்சரிக்கை. ஊருக்குள் நாலு வண்டிகள் நிற்கிற ஏர், அல்லது பண்ணை முற்றம் பாதுகாப்பானது. தனியாகப் போகிற பெண்கள் கடைப்பிடிக்கிற ஒரு முறை எல்லோருக்குமே பொருந்தும். வண்டியின் முகத்தை வெளியேறும் வழியை நோக்கி நிறுத்துவது, ஓட்டுநர் இருக்கையில் சாமான் எதுவும் வைக்காமல் இருப்பது. மனசுக்குச் சரியாகப் படவில்லையென்றால் கீழே இறங்காமலே, படுக்கையிலிருந்து நேராக ஸ்டியரிங்குக்குப் போய்க் கிளம்பிவிடலாம். 'சும்மா பயம்' என்று தன்னையே கேலி செய்துகொள்ளத் தேவையில்லை. இடம் மாறுவதற்குத்தானே சக்கரம்?

ஆனால், தென் பிரான்ஸில் தனிப்பயணி நிஜமாகப் பயப்பட வேண்டியது மனிதர்களைப் பார்த்து அல்ல, தண்ணீரைப் பார்த்து.

இலையுதிர் காலத்தில் மத்தியதரைக் கடலின் வெப்பமான ஈரக்காற்று செவென் மலைகளில் மோதும். ஒரு சில மணி நேரத்தில் பல வாரத்து மழை கொட்டித் தீர்த்துவிடும். காலையில் கூழாங்கல் தெரிய ஓடிக்கொண்டிருந்த ஓடை, மாலையில் மரங்களை உருட்டிக்கொண்டு வரும். 1992 செப்டம்பர் 22-ம் தேதி வேஸோன் லா ரொமேன் ஊரில் ஊவேஸ் நதி அப்படித்தான் பொங்கியது. கரையோர வீடுகளும், முகாம் தளத்தில் நின்ற கேரவன்களும் அடித்துச் செல்லப்பட்டன. அந்த வெள்ளத்தில் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ரோமானியர் கட்டிய கல் பாலத்தின் மேல்விளிம்பு வரை தண்ணீர் ஏறியது, பாலம் மட்டும் நின்றது. பத்து வருடம் கழித்து, 2002 செப்டம்பரில் கார் மாவட்டத்திலும் 20-க்கும் அதிகமானோர் பலியானார்கள்.

நதிக்கரைதான் நிறுத்துவதற்கு அழகான இடம் என்பதுதான் சிக்கலே. அதனால் செப்டம்பர், அக்டோபரில் போகிறவர்கள் தினமும் மாலையில் பிரெஞ்சு வானிலைத் துறையின் எச்சரிக்கை வரைபடத்தைப் பார்ப்பது வழக்கம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக நிறம் கொடுத்திருப்பார்கள். ஆரஞ்சு என்றால் மேடான இடத்துக்குப் போய்விட வேண்டும். தாழ்வான சாலையில் தண்ணீர் ஓடினால், ஆழம் எவ்வளவு இருக்கும் என்று வண்டியை இறக்கிப் பார்க்கக் கூடாது. தனியாக இருப்பவரை எழுப்பிவிட வேறு யாரும் வண்டியில் இல்லை. இரவில் செல்போனை அணைக்காமல் வைத்திருப்பது நல்லது. அவசர எண் 112.

கழுதையோடு ஒருவர்

இதே செவென் மலைகளில் தனியாகச் சுற்றுவதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1878 செப்டம்பரில் 27 வயது ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் லு மோனஸ்தியே கிராமத்தில் ஒரு கழுதையை வாங்கினார். விலை 65 பிராங்க், கூடவே ஒரு கிளாஸ் பிராந்தி. கழுதையின் பெயர் மோதஸ்தீன். இளைஞரின் பெயர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன். பிற்காலத்தில் 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதி உலகப்புகழ் பெற்றவர். அவர் நேசித்த ஃபேனி என்ற பெண் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போய்விட்ட நேரம் அது. மனசு சரியில்லை. வெளியே நீர்புகாத துணி, உள்ளே ஆட்டு ரோமம் என்று ஒரு தூங்கும் பையைச் சொல்லித் தைத்து, கழுதைமேல் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தக் காலத்து மோட்டார்ஹோம் என்றே சொல்லலாம்!

12 நாட்கள், சுமார் 200 கிலோமீட்டர். பாதி வழியில் கழுதை நகராது, சுமை சரிந்து விழும். நட்சத்திரங்களுக்குக் கீழே பைன் காட்டில் தூங்கியது பெரிய சுகமாக இருந்தாலும், பக்கத்தில் ஒரு துணை இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியதையும் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சான் ழான் து கார் ஊரில் கழுதையை 35 பிராங்குக்கு விற்றார். விற்றபிறகுதான் அழுகை வந்தது. ஃபேனியை 1880-ல் திருமணம் செய்துகொண்டார் என்பது தனிக்கதை. அவர் நடந்த வழி இன்று ஜி.ஆர். 70 என்ற நடைபாதை.

ஸ்டீவன்சன் உணர்ந்த அதே வெறுமை இன்றும் வரும். பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான். மலைமுகட்டில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு, "பார்த்தியா!" என்று சொல்லத் திரும்பினால் அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

இதற்கு மருந்து அங்கத்திய வாரச்சந்தை. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிழமை. காலை எட்டு மணிக்குப் பந்தல் போட்டு, ஒரு மணிக்கெல்லாம் சுருட்டிவிடுவார்கள். வாசலில் நுழைந்ததும் 'போன்ஜூர்' சொல்வதுதான் எல்லாவற்றுக்கும் சாவி. சொல்லாமல் "இது என்ன விலை?" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் முகம் இறுகிவிடும். சொன்னபிறகு, உடைந்த பிரெஞ்சும் கை சைகையும் போதும். எந்தத் தக்காளி இன்றைக்கு, எந்தத் தக்காளி நாளைக்கு என்று கடைக்கார அம்மாவே பிரித்துப் போடுவார். தனி ஆளாகப் போவதன் லாபமும் இதுதான். ஜோடியாகப் போகிறவர்களிடம் யாரும் வந்து பேசமாட்டார்கள், தனியாக நிற்கிறவரிடம் ஏர் முழுக்கப் பேசும். பக்கத்து வண்டித் தாத்தா டயர் காற்று குறைவாக இருக்கிறது என்பார், பாட்டி ஒரு கிண்ணம் சூப் நீட்டுவார்.

பகல் 12 முதல் 2 வரை மொத்தக் கிராமமும் மூடிக்கிடக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஞாயிறு மதியம், திங்கட்கிழமை இன்னும் மோசம். உள்ளே எப்போதும் கொஞ்சம் அரிசி, பருப்பு இருந்தால் கவலையில்லை. ஊறுகாய் பாட்டில் இருந்தால் ராஜபோகம்.

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் அதிகபட்சம் 90 நாள் தங்கலாம். நம்மூர் ஓட்டுநர் உரிமத்தோடு, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் வாங்குகிற சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். மொத்த எடை மூன்றரை டன்னுக்குள் இருக்கிற வண்டிகளுக்குத்தான் சாதாரண கார் உரிமம் செல்லும். ஸ்டியரிங் இடப்பக்கம், ஓட்டுவது வலப்பக்கம் என்பதால் முதல் நாள் விமான நிலையத்திலிருந்து நேராக மலைக்கு ஏறாமல், சமவெளியில் ஓட்டிப் பழகுவது புத்திசாலித்தனம். ஜூலை, ஆகஸ்ட் வாடகையும் கூட்டமும் தாங்காது. மே, ஜூன் சுகம்.

கடைசி நாளில் வண்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஸ்டீவன்சனைப் போலக் கண்ணீர் விடுவதற்கெல்லாம் நேரம் இருக்காது. டீசல் நிரப்ப வேண்டும், தரையைப் பெருக்க வேண்டும், மிச்சமிருக்கும் தேன் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். அதற்கெல்லாம் முன்னால், வாடகைக்கு எடுத்த ஒவ்வொருவரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு செய்தே ஆக வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கழிப்பறைப் பெட்டியைக் காலி செய்வது. அதற்கும் துணைக்கு ஆள் கிடையாது!